ஈரலில் விட்ட கிளை

மடுல்சீமைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒருநாள் ஒரு பிள்ளையை வலப்பக்க இடுப்பில் தூக்கியபோது, அதன் முழங்கால் என் விலாவுக்குக் கீழே இடித்தது. வலியில் உயிர் போனது. அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் இடப்பக்கமே தூக்கினேன். இரண்டு மாதம் அப்படி ஓட்டினேன். உங்களில் யாராவது இப்போது அப்படிப் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தால், தயவுசெய்து என்னைப் போலக் கெட்டிக்காரத்தனம் காட்டாதீர்கள்.

வலி தாங்காமல் போனதும் பதுளை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கட்டி என்றார்கள். கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே புற்றுநோய் என்று உறுதியானது.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். எங்கள் லயத்து வரிசைவீடுகளில் ஈரல் நோய் என்றால் குடி என்றுதான் அர்த்தம். நான் சாராய போத்தலின் மூடியைக்கூட மோந்து பார்த்ததில்லை. எப்போதோ உடம்பில் புகுந்து சத்தமில்லாமல் தங்கிவிட்ட வைரஸ் (ஈரலைச் சிறுகச் சிறுகப் புண்ணாக்கும் கிருமி) ஒன்றுதான் காரணம் என்று அங்கே என்னைப் பார்த்த டொக்டர் சொன்னார். அதை ஒலிபெருக்கி வைத்து லயம் முழுக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

டொக்டர் எங்கள் பக்கத்துப் பண்டாரவளைப் பெண். எங்கள் பேச்சிலேயே விளக்கினார். கட்டி, வலப்பக்க ஈரல் நாளத்தை (ஈரலிலிருந்து இரத்தத்தை இதயத்தை நோக்கிக் கொண்டுபோகும் குழாய்) ஒட்டியிருந்தது. கட்டியை எடுத்தால் நாளத்தையும் எடுக்க வேண்டும். நாளம் போனால் வலப்பக்கத்தில் இரத்தம் தேங்கி அந்தப் பக்கமே கெடும். வலப்பக்கத்தை முழுதாக எடுத்துவிடலாம் என்றால், என் இடப்பக்க ஈரல் சிறியது. அதை மட்டும் வைத்து உயிர் வாழ முடியாது.

“ஒரு படம் செஞ்சு பாக்கணும்மா. அதுக்கப்புறந்தான் ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு சொல்லலாம்” என்றார்.

படம் வரும்வரை ஒரு வாரம் காத்திருந்தோம். என் கணவர் தோட்டத்தில் கவாத்து வெட்டுபவர். முதிர்ந்த தேயிலைச் செடியை அடித்தண்டை ஒட்டி வெட்டி மறுபடி துளிர்க்க வைக்கும் வேலை அது. கத்தியோடு வாழ்கிற மனிதர் என் மேல் கத்தி படுவதை நினைத்துச் சாப்பாட்டையே விட்டார்.

“வெட்டுறது வெட்டிருவாங்க. மிச்சம் இருக்கிறதும் காஞ்சு போச்சுன்னா? வா புள்ள, வீட்டுக்குப் போயிருவோம்” என்றார்.

எனக்கும் பாதி மனம் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தது.

படம் வந்தது. முன்பு எடுத்த ஸ்கேனின் மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, முழு உருவமாக்கியிருந்தார்கள். இதுதான் முப்பரிமாணப் படம். ஈரல் கண்ணாடிபோலத் தெரிந்தது. உள்ளே நீல நிறத்தில் நாளங்கள். கட்டி மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. டொக்டர் அதைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். என் வயிற்றுக்குள் இருப்பது என் கண்முன்னால் சுற்றுவதைப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது.

ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் என் கணவர், திரைக்குக் கிட்டே போனார்.

“இத அடியிலேர்ந்து பாக்க முடியுங்களா?”

செடியை வெட்டுமுன் அவர் எப்போதும் குனிந்து அடியிலிருந்துதான் பார்ப்பார். டொக்டர் படத்தைப் புரட்டினார். கீழே மெல்லிய நீலக் கோடொன்று தெரிந்தது. என் கணவர் விரலை அதில் வைத்தார்.

“இது எங்கங்க போகுது?”

“அதத்தான் காட்ட வந்தேன் ஐயா. இது எல்லாருக்கும் இருக்கிறதில்ல. வலது பக்கத்தோட கீழ்ப்பகுதியில இருந்து தனியா போற நாளம். பெரிய நாளத்த எடுத்தாலும் கீழ்ப்பகுதி இது வழியா பிழைச்சுக்கும்.”

“அப்ப மேல்பக்கத்த மட்டும் வெட்டுறீங்க. மூச்சு வாங்க ஒரு கெள விட்டு வெட்டுறீங்க.”

சில மலைகளில் கவாத்து வெட்டும்போது, செடி பட்டுப்போகாமலிருக்க ஒரு கிளையை அப்படியே விடுவார்கள். அவர் அதை விளக்க, டொக்டர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திறந்து பார்த்த பிறகுதான் எதுவும் நிச்சயம் என்றும் மறைக்காமல் சொன்னார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். “வெட்டட்டும் புள்ள” என்றார். அன்று மத்தியானம் இரண்டு பார்சல் சோறு சாப்பிட்டார்.

சத்திரசிகிச்சை நடந்த அறையிலும் அந்தப் படத்தைத் திரையில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டினார்களாம். படத்தில் இருந்த இடத்திலேயே அந்தச் சின்ன நாளம் இருந்தது. அதைக் காப்பாற்றிவிட்டோம் என்று டொக்டர் வார்டில் வந்து சொன்னபோது நான் அழுதேன். அழுதால் தையல் வலிக்கும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஜன்னலில் பழைய சேலைகளைக் கட்டினார். வாசலுக்குக்கூட என்னை விடவில்லை. ஊர்க்கண்ணுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து நானும் ஆறு வாரம் இருட்டிலேயே கிடந்தேன்.

கிளினிக்கில் டொக்டர் முகம் சுளித்தார். “நடக்கச் சொன்னேனேம்மா. வெயிலே படல போலிருக்கே?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“புதுசா வெட்டினதுல வெயில் படக்கூடாதுங்களே. செடிக்குக்கூட வெட்டின கெளயத்தான் மேல போட்டு மூடுவோம்” என்றார்.

டொக்டர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “ஐயா, அம்மா தேயில இல்ல. வெயில்ல விடுங்க.”

மூன்றாம் மாத ஸ்கேனில் மிஞ்சிய ஈரல் நன்றாகப் பெருத்திருந்தது. வெட்டிய இடத்தில் திரும்ப முளைக்காதாம், இருப்பதுதான் பெரிதாகுமாம். “மொளைக்காதா?” என்று என் கணவர் சற்று வருத்தப்பட்டார். புற்றுநோய் எங்கும் தெரியவில்லை என்று டொக்டர் அடுத்துச் சொன்னதும்தான் நிமிர்ந்தார்.

இனி சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். முன்பெல்லாம் வருஷங்களை எண்ணாமலே செலவழித்தேன். இப்போது ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன்வரை என்று எனக்குக் காலம் வருகிறது. அது குறைவாக இல்லை. அதற்குள் நிறையப் பகல்கள் இருக்கின்றன.

பாரம் தூக்கலாம் என்று டொக்டர் அனுமதித்த பிறகு, போன வாரம் ஒரு பிள்ளையை வலப்பக்கம் தூக்கினேன். அவன் முழங்கால் தழும்பின் மேலேயே இடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி வரவில்லை. வராது என்று தெரிந்த பிறகும் வெகுநேரம் அவனை இறக்கிவிடவில்லை.