மண் கரைத்த சொம்பு

எங்கள் வீட்டுப் பரணில் கழுத்து நசுங்கிய பித்தளைச் சொம்பு ஒன்று கிடக்கிறது. பழைய பாத்திரம் வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் என் மருமகள் அதைப் போட்டுவிடலாமே என்பாள். நான் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவேன். வயதானதில் இது ஒரு வசதி. அந்தச் சொம்பில்தான் முதலில் ஒரு மானுக்கு மண் கரைத்தார்கள். பிறகு, அந்த மானுக்காக மண் எடுக்கப் போன என் மாமனாருக்கும் கரைத்தார்கள்.

உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு மண் கரைத்து ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். நிலத்தின் மேல் வைத்த ஆசைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறதாம். அந்த நிலத்து மண்ணைச் சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்து வாயில் விட்டால் ஆசை அடங்கி உயிர் நிம்மதியாகப் போய்விடும் என்பார்கள்.

அரியலூரிலிருந்து வாக்கப்பட்டு நான் குரும்பலூருக்கு வந்த முதல் கோடை அது, எழுபதுகளின் கடைசி. மழை பொய்த்து மலையடிவாரத்துக் குட்டைகளெல்லாம் வெடித்துக் கிடந்தன. மான்கள் தண்ணீர் தேடிக் கொல்லைகளுக்கு இறங்கி வந்தன. எங்கள் புன்செய்க் கொல்லையில் இருந்த கிணறு அகலமானது, சுற்றுச்சுவர் இல்லாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாய்கள் துரத்திக்கொண்டு வந்த புள்ளிமான் ஒன்று அதில் விழுந்துவிட்டது. தண்ணீர் இருந்திருந்தால் நீந்தியிருக்கும். கிணறு வறண்டு பாறை தெரிந்துகொண்டிருந்தது.

மாமாவும் இன்னும் சில ஆட்களும் கயிற்றுக் கட்டிலை உள்ளே இறக்கி, அதில் மானைக் கிடத்தி மேலே தூக்கினார்கள். வேப்பமரத்தடியில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்னங்கால்கள் உதைத்துக்கொண்டன, இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. முதுகெலும்பு போய்விட்டது. மான் அப்படிக் கத்தும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பக்கத்துக் கொல்லைக்காரர் ஓடி வந்தார். வரும்போதே அரிவாளோடு வந்தார். "அண்ணே, உசுரு இருக்கையிலயே அறுத்துடுங்க. தானா செத்துப் போச்சுன்னா கறி வெறைச்சுப் போயிடும்."

"கறிக்காவா கட்டில்ல வச்சுத் தூக்குனேன்? போப்பா அந்தாண்ட" என்றார் மாமா.

என் வீட்டுக்காரர் எதையும் ஆபீஸில் கேட்டுவிட்டுச் செய்கிறவர். தும்மல் வந்தால்கூட மனு எழுதுவார் என்று நான் அப்போதே கேலி செய்வேன். "அரசாங்கத்து மானுப்பா. கைய வச்சா ஜெயிலு. நான் டவுனுக்குப் போயி பாரஸ்ட் ஆபீஸ்ல சொல்லிட்டு வரேன்" என்று பெரம்பலூருக்குச் சைக்கிளை மிதித்தார். ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? மாட்டாஸ்பத்திரியும் பூட்டிக் கிடந்தது. வியர்த்து வழிய வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அத்தைதான் மண்ணை நினைவுபடுத்தினார். எங்கள் கொல்லை மண்ணையே எடுத்துச் சொம்பில் கரைத்து மானின் வாயில் விட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. "நம்ம மண்ணு அதுக்கு என்ன ஒறவு? அது மலையில பொறந்தது. மலை மண்ணுதான் கேக்கும்" என்றார். வேறொரு நாளாக இருந்திருந்தால் நான் சிரித்திருப்பேன். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாமா சொம்பை வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தார்.

நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் ஈ ஓட்டினேன். எறும்பு ஏற ஆரம்பித்தது. நிழல் நகர நகரக் கட்டிலையும் நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தும்போதெல்லாம் அது கத்தியது. மலையடிவாரம் கண்ணுக்குக் கிட்டத்தில் தெரியுமே தவிர, வெயிலில் நடந்தால் தூரம். எனக்கு அந்தப் பகல் முழுக்க அழுகை அழுகையாக வந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் மாமா வந்தார். மண்ணைக் கரைத்து உள்ளங்கையில் ஏந்திக் கொடுத்தார். மான் அவர் கையை நக்கியது. விரலிடுக்கில் இருந்ததைக்கூட விடாமல் நக்கியது. அது தண்ணீருக்குத் தவித்தது, அவ்வளவுதான். மண்ணுக்கும் ஆசைக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை. மாமா சொம்பிலிருந்த மிச்சத்தையும் குடிக்க விட்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் கண்களை மூடினார். "நீ வூட்டுக்குப் போ தாயி" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மானை முழுசாகக் கிணற்று மேட்டிலேயே குழி தோண்டி, உப்புப் போட்டுப் புதைத்தார். ஒரு துண்டுக் கறிகூட யார் வீட்டுக்கும் போகவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் எங்களோடு பேசவில்லை.

குலசாமிக்குக் கிடா வெட்டுகிற கை மாமாவுடையது. ஒரே வீச்சு என்று ஊரே மெச்சும். அந்தக் கைதான் மறுநாள் சோற்றைப் பிசைந்துவிட்டு வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றது. பாவம் செய்துவிட்டதாக நினைத்து வருந்துகிறார் என்று அத்தை அவரைச் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்கு அனுப்பிவைத்தார். போய் வந்த பிறகும் முகம் தெளியவில்லை. நான்தான் கேட்டேன்.

"வெட்டுனதுக்கு அழுவுலம்மா. அத ஆத்தாகிட்ட ஒப்படைச்சுட்டேன். மலைக்கு நடந்தேன் பாரு, அதுக்குத்தான் மனசு ஆற மாட்டேங்குது. காலையிலயே செஞ்சிருக்கணும். எனக்குத் தைரியம் வரல. மண்ணு எடுக்கப் போறேன்னு போயிட்டேன். நான் தைரியம் தேடிட்டு வர்ற வரைக்கும் அது துடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சே."

இதை நான் பல காலம் மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறேன். அது பிழைக்கக் கேட்டதா, போகக் கேட்டதா, நமக்கு எப்படித் தெரியும்? வாயில்லாத ஜீவன். நம் மனசுக்குத் தாங்கவில்லை என்பதற்காக அதன் உயிரை எடுக்கலாமா என்றும் யோசித்திருக்கிறேன். அதைவிடக் கசப்பான நினைப்பு ஒன்று உண்டு. பக்கத்துக் கொல்லைக்காரர் கறிக்காகக் காலையில் செய்ய வந்ததைத்தான் மாமா இரக்கப்பட்டுச் சாயங்காலம் செய்தார். மானின் பக்கத்தில் நின்று பார்த்தால், அந்தப் பேராசைக்காரரே நல்லவராகத் தெரிகிறார். இதை நினைக்கும்போது எனக்கு எல்லோர் மேலும் கோபம் வரும்.

எண்பதுகளின் பாதியில் மாமா பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு நின்றது. இடது பக்கம் முழுக்க உணர்வில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். படுக்கைப் புண் வந்து முதுகு முழுக்கப் பரவியது. புரட்டிப் படுக்க வைக்கும்போது அவர் போட்ட சத்தத்தை நான் முன்பே ஒரு முறை கேட்டிருந்தேன். சொந்தக்காரர்கள் கூடினார்கள். "மண்ணாசை விடல" என்றார்கள். பரணிலிருந்து சொம்பு இறங்கியது.

கொல்லை மண்ணைக் கரைத்து அத்தை அழுதுகொண்டே கொண்டுவந்தார். மாமா உதட்டை இறுக்கிக்கொண்டார். மண்தண்ணீர் கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கப் போன என் மணிக்கட்டை அவருடைய நல்ல கை பிடித்துக்கொண்டது. அந்தக் கண் என்னைக் கேட்டது. என்ன கேட்டது என்பது அந்த வீட்டில் எனக்குத் தெரியும், அவர் மகனுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சட்டம், பாவம், பெற்ற பாசம் எல்லாம் குறுக்கே நின்றன. மனிதருக்கு அப்படிச் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இன்னும் தெரியவில்லை.

"இந்த மண்ணு இல்ல போல இருக்கு. அவரு பொறந்த மண்ணு கேக்குறாரு" என்றார் யாரோ. உடையார்பாளையத்தில் அவர் பிறந்த வீட்டு மண்ணுக்கு ஆள் போனது. அதுவும் கேட்கவில்லை என்றதும், எப்போதோ விற்றுவிட்ட முந்திரிக் கொல்லையின் மண்ணுக்கு என் வீட்டுக்காரரே பஸ் ஏறினார். அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது. மாமா நெடுநாள் கிடந்துதான் போனார். போகிற வரைக்கும் நாங்கள் மண் எடுக்கப் போய்க்கொண்டே இருந்தோம்.

இப்போது அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது. மான் விழுந்தால் போன் அடித்தால் போதும், வலையோடு பாரஸ்ட் ஆபீஸ் வண்டி வருகிறது. நல்லதுதான். போன வாரம் பாத்திரக்காரர் வந்தபோது மருமகளிடம் முதல் முறையாக வாய் திறந்தேன். "அந்தச் சொம்ப மட்டும் போட்டுடாத. நான் விழுந்து கெடந்தா அதுல மண்ணு எதுவும் கரைக்க வேணாம். வெறும் தண்ணி குடு, போதும்."

"என்ன பேச்சுங்க அத்தை இது?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அடுப்பு அணைந்துதான் கிடந்தது.