மேவிஸ் வெட்டிய குளம்

மழை தூறத் தொடங்கினால் தெருவில் எல்லோரும் கொடியில் கிடக்கும் துணியை அள்ள ஓடுவார்கள். மேவிஸ் மட்டும் வாளி, சட்டி, கேக் தட்டு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவார். குளத்துக்கு மழைத்தண்ணீர்தான் ஆகும். குழாய்த்தண்ணீர் ஊற்றினால் பாசி பிடித்து நாறிப்போகும் என்பது அவர் கட்சி.

குளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் படுக்கும் கட்டில் அளவுதான். இங்கிலாந்தின் யார்க்ஷயர் களிமண்ணை ஒண்டி ஆளாக வெட்டி, கல் குத்தாமலிருக்கப் பழைய கம்பளத்தை அடியில் போட்டு, மேலே கறுப்பு ரப்பர் விரிப்பை விரித்தார். தவளை ஏறி இறங்க ஒரு பக்கம் சரிவு. அது வெளியிலிருந்து நுழைய, வேலிக்கடியில் ஒரு சாண் அளவுக்கு வழி.

வேலிக்கு அந்தப் பக்கம் டெரிக். அவர் குளத்தில் தவளை கொட்டிக் கிடக்கிறது.

"ஒரு வாளி முட்டை அள்ளித் தரேன் கண்ணு. கோடைக்குள்ள உன் கொல்லை பூரா தத்தித் திரியும்."

"வேண்டாம் டெரிக். ஒரு குளத்து நோய் இன்னொரு குளத்துக்கு ஒட்டிக்குமாம்."

அது புத்தகத்தில் போட்டிருக்கும் காரணம். வீட்டுக்குள் வந்து டீ கெட்டிலிடம் சொன்னது வேறு: "தூக்கிட்டு வந்து விட்டா, அது வந்ததாகுமா?"

மகன் ஸ்டூவர்ட் அப்படித்தான் வருகிறான். கிறிஸ்துமஸுக்கு மருமகள் இழுத்துவந்தால், கோட்டைக் கழற்றாமலே டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். கணவர் போன பிறகு, தானாக மனசு வந்து அந்த வாசல்படி ஏறியவர் ஒருவருமில்லை. தனிமை அவரை அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டால், "ரயில் ஸ்டேஷன்ல மைக் முன்னால உக்காந்து, வராத வண்டிக்கெல்லாம் மன்னிப்பு கேட்டவ நான். காத்திருக்கிறது எனக்குப் புதுசா?" என்பார்.

ஆகஸ்டில் மழை ஏமாற்றியது. மேவிஸ் கடைக்குப் போன நேரம் பார்த்து, டெரிக் வேலிக்கு மேலாகத் தன் வீட்டுக் குழாயை நீட்டி, குளத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டார்.

"எப்படி? அசந்துட்டியா?"

மேவிஸ் சேர்த்த மழைத்தண்ணீரெல்லாம் குழாய்த்தண்ணீரோடு கலந்துபோயிற்று. ஆனால் உபகாரம் செய்தவரிடம் குறை சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு" என்று சிரித்து, பழக்கேக்கும் சுட்டுக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் தண்ணீர் பாசி பிடித்துப் பட்டாணி சூப் மாதிரிப் பச்சையானது. வசந்தத்துக்குள் குளம் தெளியாவிட்டால் தவளை எட்டிக்கூடப் பார்க்காது. டெரிக் வெளியே போகும் வேளையாகப் பார்த்து, சட்டியால் மொண்டு மொண்டு ரோஜாவுக்கு ஊற்றினார்.

"தண்ணி கொறையுதே, ஓட்டை கீட்டை விழுந்திருச்சா?"

"வெயில் குடிக்குது."

"வெயிலா? இங்கயா? சரி, குழாயை எடுத்துட்டு வரட்டுமா?"

மேவிஸ் அவசரமாக இன்னொரு கேக் சுடவேண்டியதாயிற்று.

இலையுதிர்கால மழை கைகொடுத்தது. பனிக்காலம் முழுக்கக் குளம் சும்மா கிடந்தது. மார்ச்சில் ஒரு காலை, இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு பார்க்கப் போனார். சரிவில், பாதி உடல் நீரிலும் பாதி வெளியிலுமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டை துடித்தது.

மேவிஸ் மூச்சுவிடவில்லை. சட்டென்று திரும்பினால் மிரண்டுவிடும். அதனால் அதைப் பார்த்தபடியே, ஒவ்வொரு அடியாகப் பின்பக்கமாகவே நடந்தார். சேற்றில் ஒரு செருப்பு சிக்கிக் கழன்றது. அவர் குனியவில்லை. நனைந்த காலுறையோடு சமையலறைக்குள் நுழைந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.