எழுபத்து நான்காம் நாள், வேங்கிக்காலில்

நான் வாழும் ஜெர்மன் சிற்றூரில், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணிடம் முன்பின் தெரியாதவர்கள் வந்து "ஹாபென் ஸீ ஃபோயர்?" என்று கேட்பார்கள். உங்களிடம் நெருப்பு இருக்கிறதா என்று பொருள். வந்த புதிதில் ஒரு மூதாட்டி என்னிடம் அப்படிக் கேட்டபோது எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று பதறித் திரும்பிப் பார்த்தேன். அவர் தம் உதட்டில் தொங்கிய சிகரெட்டைச் சுட்டிக் காட்டினார். மூன்றாவது வருடம் யாராவது அப்படிக் கேட்டால் எடுத்துக் கொடுக்க என் கைப்பையில் லைட்டர் இருந்தது.

இதைப் படிக்கிற நம் ஊர்ப் பெண்கள் முகம் சுளிக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் புகைப்பவர்களுக்கு மட்டும் நடுவில் பத்து நிமிடம் 'பவுஸெ' என்கிற இடைவேளை கிடைக்கும். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. அவர்கள் எழுந்து போவார்கள், மற்றவர்கள் அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பின்வாசலில் ஒரு தகரக்கூரை. அதன் கீழேதான் சிரிப்பு, வம்பு, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்கிற பேச்சு எல்லாம். வகுப்பில் ஒட்டாத மொழி அந்தக் கூரையின் கீழே என் நாக்கில் ஒட்டியது. கூடவே சிகரெட்டும் ஒட்டிக்கொண்டது. கணவருக்குத் தெரியும். தெரியாதவர்போல் இருந்துவிட்டார்.

இந்த வருடம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்ததும் விட்டுவிட முடிவு செய்து, ஆலோசகர் ஒருவரிடம் போனேன். ஃப்ராவ் லிண்ட்னர் என்று பெயர், ஓய்வு பெறும் வயது. "ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். தவறினால்கூட நீங்கள் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஆள்" என்றார். யோசிக்கவே இல்லை, என் தங்கை சுமதி என்றேன். கீழ்பென்னாத்தூரில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதலில் அழுதாள். பிறகு, "விட்டுடுக்கா, நான் இருக்கேன்" என்றாள். அன்றிலிருந்து தினமும், விட்டு எத்தனையாவது நாள் என்கிற எண்ணைச் சொல்லி ஒரு குரல்பதிவு அனுப்புவேன். சில நாள் எண் மட்டும். சில நாள், கை நடுங்குவதையும், குளியலறையில் உட்கார்ந்து அழுததையும், இறந்துபோன ஒரு முதியவரின் மேசையில் கிடந்த பாக்கெட்டைக் கண்டு நான் பட்ட பாட்டையும் சொல்லியிருக்கிறேன். கணவரிடம்கூடச் சொல்லாதவை அவை.

வேங்கிக்காலில் சுமதி புது வீடு கட்டி முடித்திருந்தாள். "பால் நீதான்க்கா காய்ச்சணும். நீ வர்ற தேதிக்குத்தான் நாள் பாத்திருக்கோம்" என்று போனில் சொல்லியிருந்தாள். லீவு எடுத்துப் பறந்து வந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் மதியம், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுமதியின் கணவர் மோர் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எழுபத்தி மூணாவது நாள் எப்படிப் போகுதுங்க அண்ணி? கை நடுக்கம்லாம் கம்மியா?"

அவர் சட்டையிலிருந்து சிகரெட் வாசனை வந்தது. கலெக்டர் ஆபீஸ் எதிரில் இருக்கிற பெட்டிக்கடைக்குச் சற்று முன்புதான் போய் வந்திருந்தார். அவருடைய அம்மா இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அவர்களுக்கும் தெரியும் என்பது அந்தக் குனிந்த தலையிலேயே தெரிந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

சுமதியைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"யார் யாருக்குடி போட்டுக் காட்டின?"

"அவர்கிட்ட மறைக்க முடியலக்கா. தெனமும் யார் பேசுறான்னு கேட்டாரு."

"அழுததையும் போட்டுக் காட்டினியா?"

அவள் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தை ஒரு வார்த்தை சொன்னாங்க. சாமி காரியமாம். நாளைக்கு அவங்களே பால் காய்ச்சட்டும்க்கா. நீ தப்பா நெனைக்காத" என்றாள்.

மறுநாள் காலை முகூர்த்தத்தில் அவளுடைய மாமியார் பால் காய்ச்சினார். நான் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, சமையலறை வாசலில் நின்றேன். பால் பொங்கியபோது எல்லோரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். பந்தி ஆரம்பித்ததும் யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து ஓர் ஆட்டோவை நிறுத்தி, வெளிநாட்டுக்காரர்கள் நடமாடும் ரமணாசிரமம் பக்கம் போகச் சொன்னேன். நம் ஊரில் ஒரு பெண் புகைத்தால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

செங்கம் ரோட்டுப் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் கேட்டேன். கடைக்காரர் என் பூவையும் புடவையையும் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்கு."

"அவருக்கு எதுன்னு கேட்டுட்டு வந்தீங்களா? மாத்தி வாங்கிட்டுப் போனா திட்டப் போறாரு."

தெரியும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்துக் காபிக்கடையில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்தேன். எதிர் மேசை வெள்ளைக்காரப் பெண் என்னை அந்தக் கடையில் வேலை செய்பவள் என்று நினைத்து, ஆங்கிலத்தில் ஓர் எலுமிச்சை டீ கேட்டாள். அவள் உச்சரிப்பைக் கேட்டு, நான் இங்கே வேலை செய்யவில்லை என்று ஜெர்மனில் சொன்னேன். திடுக்கிட்டு மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "நீங்கள் இந்த ஊரா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "உங்களிடம் நெருப்பு இருக்கிறதா?" என்று நான் அவளிடம் கேட்டேன்.

இரண்டு சிகரெட் பிடித்தேன். தலை சுற்றியது, நாக்கு கசந்தது, கோபம் அப்படியே இருந்தது. அதைவிடக் கேவலம், மறுநாள் அம்மா வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் இன்னும் மூன்று பிடித்ததுதான். சுமதி செய்த துரோகத்துக்கு என் நுரையீரலுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன். போகட்டும், எல்லாமே போய்விட்டதே என்று ஆறாவதைக் கையில் எடுத்தபோது, அந்த நினைப்பே எனக்குப் பயமாக இருந்தது. ஃப்ராவ் லிண்ட்னருக்கு போன் செய்தேன்.

பால் காய்ச்ச விடவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்கவே முடியவில்லை. "விருந்து நாளில் உங்களைச் சமைக்கச் சொல்லவில்லை. நல்லதுதானே, ஓய்வு கிடைத்திருக்குமே?" என்றார். என் ஜெர்மன் அத்தோடு தீர்ந்துபோனது. தங்கை என் குரல்பதிவுகளை மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அது அவருக்குப் புரிந்தது.

"மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா?" என்று கேட்டேன்.

"எதற்கு? எழுபத்து மூன்று நாள் எங்கே போய்விட்டது? இதை 'அவுஸ்ருட்சர்' என்போம், கால் வழுக்கியது. நீங்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டால்தான் அதற்கு வேறு பெயர். கையில் இருப்பதை இப்போதே என்ன செய்யப் போகிறீர்கள்?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே பாக்கெட்டைத் துணி ஊறிய வாளியில் அமுக்கினேன். தண்ணீர் பழுப்பாயிற்று. இனி யாரிடம் எண்ணைச் சொல்வீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

வாளியைக் கொட்டுவதற்குள் அம்மா மாடிக்கு வந்துவிட்டாள். ஊறிய பாக்கெட்டைப் பார்த்தாள். ஒளிக்கத் தோன்றவில்லை.

"எத்தன குடிச்ச?"

"அஞ்சு."

"இனிமே?"

"இல்லம்மா."

அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சுமதிய ஒண்ணும் சொல்லாத. நீ நாலு நாள்ல ஏறிப் போயிடுவ. அவ அந்த வீட்லதான இருக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் சுட்டது.

மீதி நாட்கள் எளிதாக இருக்கவில்லை. கை பரபரத்தபோதெல்லாம் அம்மா வாங்கி வைத்த வேர்க்கடலையை உரித்தேன், நகம் வலிக்கும்வரை. சுமதி இரண்டு முறை வந்தாள். புது வீட்டு டைல்ஸ் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. தகரக்கூரைக்குப் போவதில்லை. அவர்கள் போகும் பத்து நிமிடத்தில் நான் உள்ளே படுக்கை விரிப்பு மாற்றுகிறேன். எண்ணை இப்போது கணவரிடம் சொல்கிறேன். முதல் நாள் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள், நான் சொல்வதற்கு முன்பே, "இன்னிக்கு என்ன நம்பர்?" என்று அவரே கேட்டார். சுமதியும்தான் கேட்கிறாள், "இன்னிக்கு எத்தனக்கா?" என்று எழுதி. நல்லா இருக்கேன் என்று பதில் போடுகிறேன்.

நேற்று அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அடுப்பில் பால் பொங்குகிறது, அவளுடைய மாமியார் கும்பிட்டபடி குனிந்திருக்கிறார், பின்னால் சொந்தபந்தமெல்லாம். "நீயும் இதுல இருக்க பாருக்கா" என்று எழுதியிருந்தாள். விரலால் பெரிதாக்கித் தேடினேன். ஓரத்தில், நிலைக்கதவுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மல்லிகைப்பூவும் பாதி நெற்றியும் ஒரு தோளும் தெரிந்தன. மீதியை நிலைக்கதவு மறைத்திருந்தது. அந்தப் பெண் உள்ளே வருகிறாளா, வெளியே போகிறாளா என்று எவ்வளவு பெரிதாக்கியும் என்னால் சொல்ல முடியவில்லை.