வெட்டிய படத்தின் மறுபாதி

இன்று காலை போடியில் என் டிடிபி கடைக்கு ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் பென்டிரைவோடு வந்தார்.

"அப்பாவோட கருமாதிப் பத்திரிகைண்ணே. எங்க அண்ணன் அடிச்சுக் கொடுத்தாரு. ஒரே பக்கந்தான், ஆனா மெயில்ல போகமாட்டேங்குது. வெரசா சின்னதாக்கிக் கொடுங்க."

வேர்டு ஃபைலைத் திறந்தேன். எண்பதுகளில் மலையில் ஏலத்தோட்டத்து ஜீப் முன்னால் எடுத்த படம். தீப்பெட்டி அளவில் அவர் அப்பா மட்டும் தெரிந்தார். வேர்டில் படத்தின் ஓரத்தை வெட்டினால் அது கண்ணுக்குத்தான் மறையும், ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். அந்தக் கனம்தான்.

படம் வெட்டும் 'கிராப்' பொத்தானை அழுத்தினேன். மறைந்திருந்த பாதி வந்தது. அப்பாவை ஒட்டி ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

"உங்க அம்மாவா?"

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இல்லண்ணே. ஆனா அந்தப் புள்ளைக்கு எங்கப்பா மூஞ்சி... அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆத்தா வெளிய ஆட்டோல இருக்கு. அழிச்சிருங்க."

அழித்தேன். ஃபைல் சுருங்கி, உடனே மெயிலில் போய்விட்டது.

பத்திரிகையில் அப்பா தனியாகத்தான் நிற்கிறார். அவர் சட்டைக் கையைப் பிடித்திருக்கும் குட்டி விரல்களை மட்டும் வெட்ட முடியவில்லை.

அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். இதைப் படிப்பது நீங்களாக இருந்தால் கமெண்ட் எதுவும் போட வேண்டாம். கருமாதி ஞாயிற்றுக்கிழமை.