மலை ஏறாமல் நின்ற வண்டி

அம்மாவை நம்பி இந்தச் சன்னதியில் கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் சேகர். ஜோகுபாளையத்தில் வீடு, பொம்மனஹள்ளியில் ஒர்க்‌ஷாப். பஸ், லாரிகளுக்கு ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலைதான். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. என் பொய்யிலிருந்து அம்மா மூன்று உயிர்களைக் காப்பாற்றினாள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன ஆடி மாதம். மகாதேவப்பா என்று ஒரு சார் தன் கேரவனைக் கொண்டுவந்தார். பஸ்ஸின் அடிச்சட்டமான சேஸிஸில் கட்டின வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உண்டு. அவர் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உட்கார்ந்து பயணம் போக முடியாது. படுத்தபடியே ஊட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகத்தான் அந்த வண்டி. ஆனால் ஓர் இடத்தில் நிறுத்தினால் பின்னால் இடது பக்கம் மெல்ல இறங்கிவிடும். கட்டில் சாய்ந்தால் அந்த அம்மாவுக்கு வலி தாங்காது.

இந்த மாதிரி வண்டியில் பாரத்தைத் தாங்குவது ரப்பர் பலூன்கள். காற்று குறைந்தால் வண்டி உட்கார்ந்துவிடும். எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை லெவலிங் வால்வு பார்த்துக்கொள்ளும்.

முதல் நாள் பலூன் மேல், ஜாயின்ட் மேல் எல்லாம் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வை மாற்றினேன். மறுநாள் காலை பார்த்தால் நாலு விரல் இறங்கியிருந்தது. பலூனையே மாற்றினேன். ஒரு நாள் நின்றது. அப்புறம் மறுபடியும் இறங்கியது. நாலு நாள் இப்படியே போனது. சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தால் அந்தச் சாய்ந்த வண்டிதான் தெரிந்தது.

நான் பார்க்காத இடம் ஒன்றே ஒன்று. சேஸிஸுக்கும் தரைப் பலகைக்கும் நடுவே போகும் காற்றுக் குழாய்கள். அதைப் பார்க்க அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஆகிவிடும். வியாழக்கிழமை மத்தியானம் சார் போன் செய்தார்.

"காலைல கிளம்பணும். வண்டி ரெடி ஆய்தா சேகர்?"

முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சேகரால் முடியாத ஏர் வேலையா என்று நாலு பேர் கேட்பார்களே.

"ஆய்து சார். தாராளமா போங்க."

சாயங்காலம் வண்டி போய்விட்டது. நான் நேராக இந்தச் சன்னதிக்கு வந்தேன். "தாயே, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் வண்டி இறங்காம பார்த்துக்கோ." அதுதான் என் வேண்டுதல். என் பெயர் கெடக் கூடாது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை. கழற்றிப் போட்ட பழைய வால்வைச் சும்மா கையில் எடுத்தேன். காற்று வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. பழைய பலூனும் நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. கோளாறு அந்தக் குழாயில்தான் இருக்கிறது. அந்தக் குழாயோடு சேர்த்துத்தான் பிரேக்குக்குப் போகும் குழாயையும் கட்டியிருப்பார்கள். ஏதோ ஒன்று இதை உரசுகிறது என்றால் அதையும்தானே உரசும்?

அது ஓட்டையானால் பிரேக் பிடிக்காது. வண்டி போவது மலை ரோடு. சாருக்குப் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். டிரைவர் முபாரக்குக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினைந்து தடவையாவது போட்டிருப்பேன். கடைசியில் என் மனைவி லதாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்போ கிளம்பிப் போங்க. அங்க உட்கார்ந்து என்ன பண்றீங்க?" என்றாள்.

"எப்படிப் பிடிக்கிறது லதா? மண்டியா தாண்டியிருப்பாங்க."

"அப்போ அம்மாகிட்ட நேத்து கேட்டதை மாத்திக் கேளுங்க."

கிரீஸ் கையோடு ஒர்க்‌ஷாப்பிலேயே நின்று கும்பிட்டேன். "தாயே, நேத்து கேட்டது தப்பு. நான் பொய் சொல்லிட்டேன். வண்டியை இறக்கு. என் பேர் போனா போகட்டும். அது மலை ஏறக் கூடாது."

டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு மைசூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. எங்காவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மண்டியா தாண்டும்போது போன் அடித்தது. முபாரக்.

"சேகர் பாய், என்ன வேலை செஞ்சீங்க? குண்டல்பேட்டைல டீ குடிக்க நின்னோம். வண்டி ஒரேயடியா உட்காந்துருச்சு. பாடி டயர்ல முட்டுது. எந்திரிக்கவே மாட்டேங்குது!"

குண்டல்பேட்டை மலைக்கு முன்னாலேயே இருக்கிறது. அவன் திட்டத் திட்ட நான் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய் கன்னடத்தில் "ஏனாய்து?" என்று கேட்டார். "நல்ல சேதிதான் சார்" என்றேன்.

போனதும் முதலில் சேஸிஸுக்கு முட்டுக் கொடுத்தேன். தொட்டியை இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய்களைப் பிடித்துக் கட்டும் ஒரு இரும்புக் கிளாம்பின் விளிம்பு, பலூனுக்குப் போகும் குழாயைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கியிருந்தது. பக்கத்திலேயே பிரேக் குழாய். வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் லேசாக அழுத்தினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. முபாரக் "யா அல்லா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாரிடம் உண்மையைச் சொன்னேன். வேலை முடியாமலே முடிந்தது என்று சொன்னதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "என் பெண்டாட்டி உள்ள படுத்திருக்கா, சேகர்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து அந்த அம்மா கேட்டார்: "வண்டி சரியாகிடுமாப்பா?"

"தெரியலம்மா. வேலையை முடிச்சுப் பார்த்துட்டு உள்ளதைச் சொல்றேன்."

இரண்டு குழாயையும் புதிதாகப் போட்டேன். அந்தக் கிளாம்பைத் தள்ளி வைத்து, ரப்பர் உறை மாட்டினேன். பொழுது சாயும்வரை வண்டியை அப்படியே நிறுத்தி அளந்து பார்த்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. மறுநாள் காலை இன்னொரு தடவை அளந்த பிறகுதான் விட்டேன். அன்று மத்தியானம் அந்த அம்மாவே போன் செய்தார். வலியில்லாமல் மகள் வீடு வந்து சேர்ந்ததாகச் சொன்னார். சார் அதற்கப்புறம் என்னிடம் வண்டி விடுவதில்லை. அது நியாயம்தான்.

இது தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஓட்டை எந்த நிமிஷத்திலும் பெரிதாகியிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஒரு வளைவில் ஆகியிருக்கலாம். ஆனால் சமதரையில், டீக்கடை வாசலில், நான் கும்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஆனது.

இப்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன். அதனால் சில வண்டிகள் வேறு இடம் போகின்றன. போகட்டும், நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

நீங்களும் ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டு இங்கே நிற்கலாம். அதை அவளிடம் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். நான் என் பெயருக்காகக் கேட்டேன், தாய் காது கொடுக்கவில்லை. அவர்கள் உயிருக்காகக் கேட்டேன், நான் பஸ்ஸில் பாதி தூரம் போவதற்குள் கொடுத்துவிட்டாள்.