எஸ்தரக்கா நிறுத்திய டேப்

எஸ்தரக்கா இறந்துவிட்டார்.

காலையில் அவருடைய தம்பி மோசஸ் போன் செய்தார். "மேடம், அக்கா போயிட்ச்சி. கிட்னி. நேத்தே அடக்கம் பண்ணிட்டோம். அதோட நோட்டுல உங்க நம்பர் இருந்துச்சி, அதான்..."

இரண்டு வருடமாக டயாலிசிஸாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

இதைப் படிக்கும் பலருக்கு நான் காலேஜில் பாடம் எடுப்பவள், கட்டுரை எழுதுபவள். அந்தக் கட்டுரைகள் எங்கிருந்து வந்தன என்று இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓர் ஆராய்ச்சி. வரலாறு, மானுடவியல், மொழியியல் என்று மூன்று துறைகள் சேர்ந்த ப்ராஜெக்ட். வயலில் கூலிக்குப் போன குடும்பங்கள், கம்பெனி வேலைக்குப் போன பிறகு தங்களை யாராக நினைக்கிறார்கள்... இதுதான் எங்கள் கேள்வி.

நான் வரலாறு படித்துவிட்டுச் சென்னையிலிருந்து போனவள். எஸ்தரக்கா புதுவாயலுக்குப் பக்கத்துக் காலனி, ப்ளஸ் டூ. போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலையை விட்டுவிட்டு, பேட்டி எடுக்க எங்களோடு சேர்ந்தார். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர்.

முதல் நாள் ஒரு வீட்டில், "உங்கள் அடையாளம் என்ன?" என்று தாளைப் பார்த்துப் படித்தேன். அந்த மனிதர் உள்ளே போய் தன் கேட் பாஸை எடுத்துவந்து பவ்யமாக என்னிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் எஸ்தரக்கா கேட்டார். "இந்தக் கேள்விய யாரு எழுதனது?"

"நான்தாங்கா."

"அடிச்சிடு. ஊர்ல உன்ன இன்னான்னு கூப்புட்றாங்க, கம்பெனில இன்னான்னு கூப்புட்றாங்கன்னு கேளு. மீதிய அவங்களே சொல்லுவாங்க."

சொன்னார்கள். மணிக்கணக்காகச் சொன்னார்கள். "ஊர்ல காலனிக்காரன், கம்பெனில லேபரு, பேரு ரேஷன் கார்டுல மட்டும் கீது" என்று ஒருவர் சொன்னார். ரிப்போர்ட்டில் அது ஒரு அத்தியாயத்துக்கே தலைப்பானது.

மதியத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த என் ரூமில் எஸ்தரக்கா ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பேட்டிகளைப் பதிவு செய்த டேப்பைக் கேட்டு எழுதுவார். யாராவது அழுத இடம் வந்தால் அங்கே பேனாவை வைத்துவிடுவார். 'இங்கே அழுதார்' என்று குறிக்கணும்க்கா என்று நான் சொன்னால், "அழுதத எதுக்கும்மா எழுதற, விடு" என்பார். நான் அப்புறமாக எழுதிக்கொள்வேன்...

புஷ்பாவைப் பார்க்கப் போனதும் அந்த வருட மழைக்காலத்தில்தான்.

புஷ்பாவின் வீட்டுக்காரர் ஒரு ஸ்டீல் கம்பெனியின் உலையில் வெந்து இறந்தவர். கான்ட்ராக்டர் அவரை வேறொருவருடைய கேட் பாஸில் உள்ளே அனுப்பியிருந்தார். ஆகவே அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலையே செய்யவில்லை என்றது கம்பெனி. வெளியே பேசக்கூடாது என்று சொல்லி, புஷ்பாவுக்குக் கேன்டீனில் ஒரு வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"யக்கா, அந்த டேப்ப நிறுத்து" என்றார் புஷ்பா.

எஸ்தரக்கா நிறுத்தினார். கேசட்டை வெளியே எடுத்து, புஷ்பாவின் கண் எதிரிலேயே தரையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் புஷ்பா வாயைத் திறந்தார்.

நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ரூமுக்கு வந்து, ஒரு வரி விடாமல் எழுதிவைத்தேன்.

பெயரை மாற்றி, ஊரை மாற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையாக வந்தது. ஒரு பேப்பர்காரர் அதிலிருந்து எடுத்துப் போட்டார். அந்தக் கேன்டீனில் புருஷனை அப்படிப் பறிகொடுத்தவர் வேறு யார்... கான்ட்ராக்டருக்குக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. புஷ்பாவை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

காலனியில் எல்லோரும் எஸ்தரக்காவைத்தான் சொன்னார்கள். கூடவே இருந்து போட்டுக்கொடுத்துட்டா என்று. தண்ணீர் பிடிக்கிற இடத்தில்கூட அவரோடு யாரும் பேசவில்லை. கொஞ்ச மாதத்தில் ஊரைவிட்டுப் பெரியபாளையத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரே ஒரு முறை பார்க்கப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் டேப்ப நிறுத்துனேன் இல்ல?" என்றார். அதுதான் முதல் பேச்சு.

"நிறுத்துனீங்கக்கா. நான்தான் ரூமுக்குப் போய் எழுதுனேன்."

கையிலிருந்த துணியை உதறாமல் அப்படியே நின்றார்.

"நானா இருக்குமோன்னு நெனச்சிகினு இருந்தேன். யார்கிட்டனா வாய் தவறி சொல்லிட்டனோன்னு... தூக்கமே வர்ல."

"நான் காலனிக்கு வந்து சொல்றேன்க்கா. உங்க மேல தப்பில்லன்னு."

"யார்கிட்ட சொல்லுவ? புஷ்பா ஊட்ட காலி பண்ணிகினு போயிட்ச்சி. எங்க கீதுன்னே தெர்ல." கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டார். "டீ போட்றேன், குட்ச்சிட்டு கெளம்பு. பஸ்ஸு போயிடும்."

குடித்தேன். கிளம்பினேன். காலனிக்கு நான் போகவும் இல்லை.

அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது. அதில் நன்றி சொல்லும் இடத்தில் 'உள்ளூர் உதவியாளர்' என்று போட்டிருக்கிறேன். எஸ்தர் என்ற பெயர் எங்கும் இல்லை. இப்போதும் யாராவது மாணவர் அதை மேற்கோள் காட்டி மெயில் அனுப்புவார். நானும் பதில் போடுவேன்.

காலையில் மோசஸிடம் கேட்டேன், அக்கா என்னைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று.

"இல்ல மேடம், ஒண்ணும் சொன்னதில்ல." பிறகு அவராகவே சொன்னார். "கல்லறைல பாஸ்டரு கேட்டாரு, இது இன்னா வேல பாத்துச்சின்னு. ஊட்லதான் இருந்துச்சின்னு சொல்லிட்டோம். கரெக்ட்டுதான மேடம்?"

ஆமாம் என்றேன்.

போய் வாங்க எஸ்தரக்கா...