திருந்தினவர்

ஊரே அவரைத் 'திருந்தினவர்' என்றுதான் கூப்பிடும். பூட்டு ரிப்பேர் செய்கிறவர். அவர் எதிலிருந்து திருந்தினார் என்பது பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. திருந்துவதற்கு அவரிடம் ஒன்றுமே இருந்ததில்லை என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

மனைவி தையல்கடையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுப்பவள். சபைகளில் 'எழுப்புதல்' என்ற பக்தி அலை நாடு முழுக்கக் காட்டுத்தீயாய்ப் பரவிய வருடம், அவளும் ஜெபக் கொட்டகைக்குப் போனாள். ஒரே பாட்டும் அழுகையும். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து, தான் பட்ட பாட்டைச் சாட்சியாகச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவளுக்குக் குடிகாரப் புருஷன் உடைத்த பல். முன்வரிசைக்காரிக்குக் கையெல்லாம் புருஷன் வைத்த சூடு. இவளுக்குச் சொல்ல என்ன இருந்தது? சம்பள நாளில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே தூங்கிப் போகிற மனுஷன். அதைச் சொன்னால் ஆண்டவரே சிரித்துவிடுவார். ஆனால் வாய் சும்மா இருந்ததா? "எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து என்னை அடிக்காத நாளே கிடையாது" என்றாள். கூட்டம் 'ஓ'வென்று அழுதது. அவளும் நிஜமாகவே அழுதாள். ஆண்கள் பக்கத்தில், மடியில் கருவிப் பையோடு அவர் உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தாள்.

யாரோ அதைப் பத்திரிகையில் போட்டார்கள். அங்கிருந்து பாராளுமன்றத்துக்குப் போயிற்று. மதுவிலக்குச் சட்டத்துக்குக் கை தூக்கினவர்களில் பாதிப் பேர் 'காஜாக்காரியின் கண்ணீர்' என்று சொல்லித்தான் தூக்கினார்களாம். நாடு பூராவும் மதுக்கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. பூட்டுக்காரருக்கோ பிழைப்பே போயிற்று. வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. யாராவது பூட்டைக் கழற்றிக் கடைக்கே கொண்டுவந்தால் உண்டு.

அவர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுது தீர்த்திருப்பாள். அதற்கும் வழி விடாத மனுஷன். ஒருநாள் மகள் அந்தச் சாட்சி அச்சான பாடப்புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"அப்பா, அம்மாவை ஏன் அடிச்சீங்க?"

"அது அப்போம்மா. இப்ப இல்லல்ல?" என்றார்.

அடுப்படியில் நின்றவள் கரண்டியால் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொன்னால் மகள் தன்னை வெறுத்துவிடுவாளே என்ற பயம்தான், வேறென்ன? அன்றிலிருந்து அப்பா கையை ஓங்கி ஆணி அடித்தால்கூட மகள் ஓடிவந்து அம்மா பக்கத்தில் நின்றுகொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்குச் சோறு இறங்காது.

எழுப்புதலுக்கு வெள்ளி விழா வந்தது. மறுபடி சாட்சி சொல்ல அவளை அழைத்தார்கள். போகிற வழியில், வளர்ந்துவிட்ட மகள் முன்னால் போனதும், அவரிடம், "என்னங்க, இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். நீங்க என் மேல விரல்கூட வெச்சதில்லைன்னு" என்றாள். அவர் நடையை எட்டிப் போட்டார்.

"நான் அன்னிக்குச் சொன்னது..." என்று மைக்கில் தொடங்கினாள். அதற்குள் அவர் மேடைப் படியேறி வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அவ சொன்னது அத்தனையும் நிஜம். அடிச்சேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

கைதட்டல் கொட்டகையைப் பிளந்தது. மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்தாள். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"நிஜமாவே அடி வாங்கினவங்க எத்தனை பேர் கீழ உக்காந்திருந்தாங்க, பாத்தியா? நீ சொன்னது பொய்யின்னா, நாளைக்கு அவங்க சொன்னதையும் பொய்யின்னுடுவாங்க. சாராயக்கடையைத் திறக்கணும்னு ஒரு கூட்டம் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு."

"அப்ப நம்ம பொண்ணு?"

அவர் சொல்வதற்குள் மகளே வந்துவிட்டாள். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்திருப்பதைப் பார்த்து, அடி விழுந்துவிடுமோ என்று பதறினாள். "அம்மா, நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று அவளை இழுத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவில் நுழைந்தாள். அன்று பொய் சொல்ல அவ்வளவு சுலபமாகத் திறந்த காஜாக்காரியின் வாய் இப்போது திறக்கவில்லை. பூட்டுக்காரர் மகளுக்கு இடம் விட்டு, ஓரமாக ஒதுங்கி நடந்தார்.